காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது எப்படி என்று கேட்டால், அனுபவமுள்ள விவசாயி இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்: காய்ச்சலும் பாய்ச்சலும். பாய்ச்சிய நீர் சுண்டி, மண்ணில் மயிரிழை போல வெடிப்பு ஓடும் பதம் வரும்வரை காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த பாய்ச்சல். திருந்திய நெல் சாகுபடியைப் பரப்ப வந்தவர்களும் புதுச்சொல் தேடி அலையாமல் இந்தப் பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். வயலில் இவ்வளவு செல்வாக்குள்ள சொல், வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் தன் முதல் பாதியை இழந்துவிடுகிறது. சித்திரை வெயில் ஏறியதும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்து வீடுகளில் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, இடையில் செடி துவண்டு தெரிந்தால் இன்னொரு தடவை என்று டியூப் நீள்கிறது. அப்படியும் வைகாசிக்குள் செம்பருத்தி மஞ்சளடிக்கிறது, ரோஜா நுனி கருகுகிறது. ‘வெயில் தாங்கலை’ என்று பழி வெயிலின் தலையில் விழுகிறது. வெயில் கொன்ற செடிகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தண்ணீர் விட்ட கையால் செத்தவையும் அதே கணக்கில் சேர்த்து எழுதப்படுகின்றன. தரையில் நிற்கும் செடியை ஆழமாக நனைத்து, பாதி காயவிட்டு, மறுபடி ஆழமாக நனைப்பதே கோடைக்கு ஏற்ற முறை. தினமும் மேலாக நனைப்பது செடியைக் கோடைக்குத் தயாராகவிடாமல் தடுக்கிற முறை. தொட்டிச் செடிக்குக் கணக்கு வேறு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

பூந்தமல்லிக்குத் தோட்டம் புதிதில்லை. பூவிருந்தவல்லி என்று பெயரிலேயே பூவை வைத்திருக்கும் ஊர் இது. ராமானுஜருக்கு வழிகாட்டியாக இருந்த திருக்கச்சி நம்பிகள் 11-ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தார், இங்கே நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக் காஞ்சி வரதராஜருக்குக் கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. தமிழகக் கோயில் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கென்று நிலம் விட்ட செய்திகள் நிறையவே உண்டு. அந்த நிலத்தின் விளைவு, செடிகளுக்கு நீர் இறைத்துப் பூப்பறிப்பவர்களின் வயிற்றுக்குப் போனது. கிணற்றில் இறைத்து ஊற்றுகிறவருக்கு ஒவ்வொரு குடமும் தோளில் தெரியும். எந்தச் செடிக்கு இன்று வேண்டும், எது நாளை வரை பொறுக்கும் என்று அவர் பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு கேட்காது. இன்று மோட்டார் சுவிட்சைத் தட்டினால் போதும். டியூப்பில் வரும் தண்ணீருக்குக் கனம் இல்லை. எவ்வளவு போனது என்று கையும் சொல்லாது, கண்ணும் சொல்லாது. கணக்குப் போனது அங்கேதான்.

கணக்கை மீட்க வேண்டுமானால், வெயில் ஒரு நாளைக்கு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மே மாதத்தில் மெரினாப் பக்கம் இருப்பவர்களுக்கு மதியத்தையொட்டிக் கடற்காற்று வந்துவிடும். கடலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பூந்தமல்லிக்கு அது தாமதமாகத்தான் வந்து சேரும். மேற்கிலிருந்து நிலக்காற்று பலமாக வீசும் நாளில் வராமலே போவதும் உண்டு. தமிழில் ‘கோடை’ என்ற சொல் வெயில் காலத்தை மட்டும் குறிப்பதில்லை. வாடை, தென்றல், கொண்டல் என்ற காற்றுகளின் வரிசையில் மேற்கிலிருந்து வீசுவதற்கும் அதுவே பெயர். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியவர்கள் செடியின் கஷ்டத்தை அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் செடியிலிருந்து நீரை இழுப்பதில் வெப்பமானிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு காற்றின் வறட்சிக்கும் வேகத்துக்கும் உண்டு. கத்திரி மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28-ஆம் தேதி வாக்கில் முடிகிறது என்று நாள்காட்டி சொல்கிறது. சென்னையின் உச்ச வெப்பமான 45 டிகிரி பதிவானதோ 2003 மே 31-ஆம் தேதி. ஜூனில் தென்மேற்குக் காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டுதான் வருகிறது. ‘கத்திரி போயிடுச்சு’ என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் நாள்காட்டிக்குப் பாசனம் செய்கிறார்கள்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1998-ல் வெளியிட்ட பாசனக் கணக்கீட்டு வழிகாட்டி இதற்கு ஒரு பொது அளவு தருகிறது. நாளின் சராசரி வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகும் வெப்பமண்டலப் பகுதிகளில், குறையில்லாமல் நீர் பெறும் புல்தரை ஒரு நாளில் இழப்பது, காற்றில் ஈரமுள்ள இடமானால் 5 முதல் 7 மில்லிமீட்டர், வறண்ட இடமானால் 6 முதல் 8. நம் ஊரின் கோடைக்கு 6 என்று வைத்துக்கொள்வது நியாயமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர். ஆக, இலை அடர்ந்து மூடிய ஒரு சதுர மீட்டர் தோட்டம் உச்ச கோடையிலும் நாளொன்றுக்குக் குடிப்பது ஏறக்குறைய 6 லிட்டர், அதாவது சிறிய வாளியில் முக்கால் வாசி. மண்ணைப் பாதிதான் மூடியிருக்கும் செடிக்கு இதற்கும் குறைவு. பலருக்கு இது நம்ப முடியாத அளவு சின்னதாகத் தோன்றும். வெயிலைப் பார்த்து ஏற்படும் பயம் அத்தனை பெரியது.

அடுத்த கேள்வி, மண் எவ்வளவு சேமித்து வைக்கும் என்பது. மண்ணை ஒரு தொட்டி என்று நினைத்துக்கொள்ளலாம். மணல் தொட்டி சின்னது, களிமண் தொட்டி பெரிது. செடியால் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர், மணலில் அதன் கனஅளவில் 5 முதல் 11 சதவீதம், வண்டல் கலந்த நடுத்தர மண்ணில் 13 முதல் 18 சதவீதம், களிமண்ணில் 12 முதல் 20 சதவீதம். நடுத்தர மண்ணில் 15 சதவீதம் என்று வைத்து, வேர் 30 சென்டிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 45 லிட்டர் இருப்பு. அதில் பாதியைச் செடி சிரமமில்லாமல் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால்தான் மூச்சுத் திணறும். பாதி என்றால் 22 லிட்டர். நாளைக்கு 6 லிட்டர் செலவானால் இது ஏறக்குறைய நாலு நாளுக்கு வரும். மணற்பாங்கான இடத்தில் இரண்டு நாள். வேர் ஒரு மீட்டர் இறங்கிய முருங்கைக்கும் மாவுக்கும் இன்னும் பல நாள். மேற்குப் புறநகரில் ஒரு சிக்கலும் உண்டு: ஏரிப் பாசன வயல்களாக இருந்த பூமியை மனையாக்கி, மேடு தூக்குவதற்காகச் சவுடு மண்ணையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி நிரப்பிய வீடுகள் பல. அங்கே மேலே ஓரடி ஒரு மண், கீழே வேறொரு மண். கடப்பாரையால் ஓரிடத்தில் குத்திப் பார்க்காமல் ‘எங்கள் மண் இன்னது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இருப்பு 22 லிட்டர் என்றால், அதை நிரப்புகிறோமா என்பது மூன்றாவது கேள்வி. வீட்டு டியூப்பில் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் வருவதாகக் கொள்ளலாம்; 10 லிட்டர் வாளியை வைத்து எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பார்த்தால் அவரவர் வீட்டு அளவு தெரிந்துவிடும். டியூப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சதுர மீட்டருக்குப் பத்து வினாடி நின்றால் 2 லிட்டர், அதாவது 2 மில்லிமீட்டர் நீர். நன்றாகக் காய்ந்த மண்ணில் அது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இறங்காது. மேல்மண் கறுத்து, மண்வாசனை கிளம்பி, மனசு நிறைந்துவிடும். மறுநாள் பத்து மணிக்குள் அந்த ஒன்றரை சென்டிமீட்டரை வெயில் திரும்ப எடுத்துக்கொள்ளும். வேருக்கு ஒரு சொட்டும் சேராது. நின்று நிறைய ஊற்றினாலும் தொல்லைதான். நடுத்தர மண் மணிக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர்தான் உள்ளே விடும், களிமண் 1 முதல் 5. டியூப்போ ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 700 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுகிறது. மீதி எல்லாம் வாசலுக்கு ஓடுகிறது. வட்டப்பாத்தி என்ற பழைய ஏற்பாடு இதற்காகத்தான். தண்டை ஒட்டாமல், கிளை விரிந்த அளவுக்குச் சுற்றிலும் நாலு விரல் உயரத்தில் வரப்பு கட்டி, அதை ஒருமுறை நிரப்பிவிட்டு அடுத்த செடிக்குப் போய், சுற்றி வந்து மறுபடி நிரப்பினால் நீர் ஓடாமல் இறங்கும். டியூப்பைச் சன்னமாகத் திறந்து பாத்திக்குள் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதும் அதே பலன்தான், டியூப்பை மறந்துவிடாதவரை.

மேலாக நனைப்பதில் வீணாகும் நீரைவிடப் பெரிய நஷ்டம் வேரில் நடக்கிறது. ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் செழிக்கும். தினமும் மேல் இரண்டு அங்குலத்திலேயே ஈரம் கிடைத்தால் வேரும் அங்கேயே வலைபின்னி உட்கார்ந்துவிடும். மண்ணிலேயே அதிகம் கொதிப்பதும் முதலில் காய்வதும் அந்த இரண்டு அங்குலம்தான். அப்படி வளர்ந்த செடி ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் தாங்காது. அது தாங்காததைப் பார்த்து, தினமும் ஊற்றியே ஆக வேண்டும் என்று நாம் முடிவுகட்டுகிறோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பெண்ட்கிராஸ் என்ற புல்வகையை வைத்து நடந்து 2003-ல் வெளியான ஆய்வொன்று, தினமும் நீர் விட்ட புல்தரையையும் நாலு நாளுக்கு ஒருமுறை விட்டதையும் ஒப்பிட்டது. நாலு நாள் இடைவெளி விட்டதில் வேர் அடர்ந்திருந்தது, புல்லின் தரமும் மேலாக இருந்தது. டெக்சாஸ் வெயிலும் இளப்பமானதில்லை. தினமும் நனைத்துப் பழகிய செடியை மட்டும் திடீரென்று நாலு நாள் பட்டினி போடக் கூடாது. இடைவெளியை ஒரு நாள், இரண்டு நாள் என்று மெல்லக் கூட்ட வேண்டும், அதையும் பங்குனி வெயில் முற்றும் முன்பே தொடங்க வேண்டும்.

இங்கே வரும் முதல் ஆட்சேபம், ‘மத்தியானம் செடி தலைதொங்கிப் போய் நிற்கிறதே, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா’ என்பது. நியாயமான கேள்வி. உச்சி வெயிலில் இலை இழக்கும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை, மண் நிறைய ஈரம் இருந்தாலும். பூசணி, அவரை, செம்பருத்தி போன்ற அகன்ற இலைச் செடிகள் அப்போது இலையைத் தொங்கவிடுகின்றன. வெயிலுக்கு முகம் காட்டும் பரப்பைக் குறைத்துக்கொள்ள அவற்றுக்கு அது ஒரு வழியும்கூட. இலைத்துளைகளை மூடி, செலவைச் சுருக்கி, ஆறு மணிக்கு மேல் தானாக நிமிர்ந்துவிடும். செடியிடம் கேட்க வேண்டிய நேரம் மறுநாள் விடியற்காலை. இரவு முழுவதும் நீர் எடுக்க நேரம் கிடைத்தும் ஆறு மணிக்கு இலை தொங்கியே இருந்தால் மண்ணில் நீர் இல்லை என்று பொருள், அல்லது வேர் கெட்டுவிட்டது என்று பொருள். இரண்டில் எது என்பதை மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் உதிரியாக, சூடாக இருந்தால் தண்ணீர். பிசுபிசுத்து ஒட்டினால் ஒரு சொட்டும் வேண்டாம்.

அந்த இரண்டாவது நிலைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை, ஏனென்றால் தண்ணீர் போதாத செடியும் தண்ணீர் மிகுந்த செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே வாடுகின்றன. வேர் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் அது நீரை ஏற்றுகிறது. அந்த இடைவெளிகள் சதா நீரால் நிறைந்திருந்தால், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் பரவும். வேர் திணறிச் சாகிறது. செத்த வேரில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகள் குடியேறுகின்றன. வேர் போனபின் சுற்றிலும் எவ்வளவு நீர் இருந்தாலும் மேலே போகாது. தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. அதைப் பார்த்து இன்னும் ஒரு வாளி ஊற்றினால், நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுத்த கதைதான்.

பெயரிலேயே மல்லியை ஏந்திய ஊரில் மல்லிகையைச் சொல்லாமல் விட முடியாது. கோடைக்குப் பயப்படாத பூ அது. கார்த்திகையில் கவாத்து செய்த குண்டுமல்லிப் புதர், பங்குனி தொடங்கி ஆனி வரை, மற்றச் செடிகள் முனகும் மாதங்களில்தான் கொத்துக்கொத்தாக மொட்டு வைக்கிறது. அதற்கு வெயில் வேண்டும், ஆழத்தில் ஈரமும் வேண்டும். தேங்கிய நீரோ சற்றும் ஆகாது. களிமண்ணில் தினமும் ஊற்றி வளர்க்கும் மல்லியின் தளிரிலை, நரம்பு மட்டும் பச்சையாக மற்றப் பகுதி வெளிறிப்போவதை நிறைய வீடுகளில் காணலாம். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. இதற்கு டப்பா டப்பாவாக உரம் வாங்கி இடுகிறவர்கள், ஒரு வாரம் டியூப்பைச் சுருட்டி வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: ‘இதெல்லாம் தரையில் இருக்கும் செடிக்குச் சரி, எங்கள் தோட்டம் மொட்டைமாடியில் அல்லவா இருக்கிறது?’ தோட்டக்கலைத் துறை 2013 வாக்கில் மாடித்தோட்டப் பைகளையும் தென்னைநார்க் கழிவையும் விதைகளையும் மானியத்தில் கொடுக்கத் தொடங்கிய பிறகு, சென்னையைச் சுற்றி மண்ணே தொடாத தோட்டங்கள் பெருகியிருக்கின்றன. இவற்றுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆட்சேபம் சரி என்பது தெரியும். 12 அங்குலத் தொட்டியில் சுமார் 15 லிட்டர் கலவை பிடிக்கும். செடிக்குக் கிடைக்கும் நீர், நார்க்கழிவைச் சேர்த்தாலும் இரண்டரை, மூன்று லிட்டர். பாதி என்றால் ஒன்றரைக்குள். ஒன்றரை அடி அகலம் விரிந்த கத்தரிச் செடி மாடி வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கும். ஆகவே தொட்டிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். சின்னத் தொட்டியில் பெரிய செடி என்றால் இரண்டு வேளையும் வேண்டியிருக்கும். தொட்டியில் காய்ச்சல் என்பது நாள் கணக்கில் வராது, மணிக் கணக்கில்தான் வரும். அப்போதும் ஆழமாக நனைக்க வேண்டும் என்பது மாறவில்லை: அடித்துளையில் நீர் எட்டிப் பார்க்கும்வரை ஊற்றி, பிறகு நிறுத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை உண்டு. கலவை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் சுவரைவிட்டு விலகும். ஊற்றிய நீர் அந்த இடுக்கு வழியே ஓடி ஒரே நிமிடத்தில் கீழே வந்துவிடும். நனைந்துவிட்டது என்று நினைப்போம், நடுவில் எலும்பாகக் காய்ந்திருக்கும். அந்தத் தொட்டியை நீர் நிறைந்த அகலப் பாத்திரத்தில் அரை மணி நேரம் உட்காரவைத்து, கீழிருந்து குடிக்கவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்குவது வேருக்கும் கேடு, வீட்டாருக்கும் கேடு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும்.

மாடியில் நீரைக் கூட்டுவதைவிடச் செலவைக் குறைப்பதே புத்திசாலித்தனம். கறுப்புப் பிளாஸ்டிக் பையின் மேற்குப் பக்கச் சுவரைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். அந்தச் சுவரை ஒட்டித்தான் வேர்கள் ஓடுகின்றன. தொட்டிகளைத் தனித்தனியே பரப்பாமல் நெருக்கி வைத்து, மேற்கு ஓரத்தில் வெறும் பானைகளையோ பலகையையோ சாத்தி, பங்குனி பிறந்ததும் பச்சை நிழல்வலை கட்டினால் செடியின் தாகமே குறைந்துவிடும். அதைவிட மலிவானது மூடாக்கு. இயற்கை விவசாயத்தைத் தமிழ்நாடெங்கும் நடந்து பரப்பிய நம்மாழ்வார் போன்றவர்களால் இந்தச் சொல் வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சோகை, எதுவானாலும் மண்ணுக்கு மேல் மூன்று அங்குலம் போர்த்தினால் போதும், வெயில் மண்ணைத் தொடாது. செலவில்லாத இந்த வேலையை விட்டுவிட்டு, சருகைக் கூட்டி எரித்துவிட்டு வெறும் மண்ணில் தண்ணீர் பாய்ச்சுவது நம் ஊரில் சுத்தம் என்று பெயர் பெற்றிருக்கிறது.

எந்த வேளையில் ஊற்றுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. விடியற்காலைதான் சிறந்தது என்பேன். காற்று அடங்கியிருக்கும், மண் குளிர்ந்திருக்கும், வெயில் கேட்கும் முன்பே வேருக்குக் கையிருப்பு சேர்ந்துவிடும். மாலைக் கட்சிக்காரர்கள், இரவில் ஆவியாகாதே என்கிறார்கள். உண்மைதான், தரைச் செடிக்கு, இலையை நனைக்காமல் பாத்தியில் விடுவதானால் மாலையிலும் தவறில்லை. ஆனால் கான்கிரீட் தளம் ஏழு மணிக்கும் அனல் கக்கிக்கொண்டிருக்கும் மாடியில், நாளெல்லாம் வெயில் குடித்த சின்டெக்ஸ் தொட்டியின் நீரை மாலையில் திறந்தால் வேருக்குக் கிடைப்பது வெந்நீர். குழாயில் முதலில் வரும் சூட்டை வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்ற வேண்டும். உச்சி வெயிலில் இலைமேல் நீர்த்துளி நின்றால் அது கண்ணாடி வில்லை போல் வெயிலைக் குவித்து இலையைக் கருக்கிவிடும் என்பது உலகமெங்கும் உள்ள நம்பிக்கை. ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடிக் குண்டுகள் இலையைக் கருக்கின, நீர்த்துளிகள் வழுவழுப்பான இலையைக் கருக்கவில்லை. இலையின் மேல் மெழுகு மயிர்கள் துளியைத் தூக்கிப் பிடிக்கும் சில செடிகளில் மட்டுமே அதற்கு வாய்ப்பு இருந்தது. எனவே அவசரமென்றால் மதியத்திலும் வேருக்கு ஊற்றலாம், இலை கருகாது. நம் ஊரில் தண்ணீர் பட்ட இலையின் ஓரம் கருகினால், சந்தேகப்பட வேண்டியது வெயிலையல்ல, உப்பை.

உப்பு, இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத எதிரி. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். புறநகரில் போர் தண்ணீர் 1,000-ஐத் தொடுவது அதிசயமில்லை. அப்படிப்பட்ட நீரைத் தொட்டிக்குத் தினமும் ஒரு லிட்டர் என்று 100 கோடை நாட்கள் ஊற்றினால், நீர் ஆவியாகிப் போகும், 100 கிராம் உப்பு தொட்டியிலேயே தங்கும். மண்மேல் படியும் வெள்ளைப் பொருக்கு அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக, துளை வழியே வடியாத அளவில் அடிக்கடி ஊற்றுவது இந்தச் சேமிப்பை வளர்க்கிற வழி; பதினைந்து நாளுக்கு ஒருமுறை வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றி வடியவிட்டால் உப்பு கழுவிப் போகும். ஆர்.ஓ. எந்திரம் தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உப்பைச் செறிவாக்கிய நீர், தொட்டிக்கு ஆகாது. அதற்கு நேர் எதிராக ஏ.சி. எந்திரத்திலிருந்து சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது, உப்பு இல்லாதது. புழுக்கமான இரவில் பல லிட்டர் கிடைக்கும். அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைக்காமல் சுவரில் வழியவிட்டுப் பாசி பிடிக்கவைக்கும் வீடுகளே அதிகம்.

காய்ச்சல் என்றதும் தக்காளி வளர்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மண் ஒரேயடியாகக் காய்ந்து, பிறகு ஒரேயடியாக நனைந்தால் தக்காளி வெடிக்கும். நீர் ஏறுவது தடைப்பட்டால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராமல் அடிப்பாகம் கறுத்து அழுகும். புதிதாக நட்ட நாற்றுக்கு மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுவது கிராமத்து வழக்கம். வேர் பிடிக்காத செடியைக் காயவிடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் என்ற சொல் வறட்சியைக் குறிப்பதில்லை. கையிருப்பில் பாதி செலவாகும்வரை பொறுப்பது என்று பொருள், அவ்வளவுதான். தக்காளிக்கும் கீரைக்கும் அந்தப் பாதியை மூன்றில் ஒன்றாகச் சுருக்கிக்கொண்டால் தீர்ந்தது. சொட்டுநீர்க் குழாயும் டைமரும் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்பார்கள். 1965-ல் இஸ்ரேலில் வணிகமாகப் புறப்பட்ட அந்தத் தொழில்நுட்பம் அருமையானது, ஆனால் டைமருக்கு மண் தெரியாது. தப்பான அளவை நேரம் தவறாமல் ஊற்றும். செடி எடுக்க எடுக்கக் கொடுப்பது சுடுமண் பானைதான். வார்னிஷ் பூசாத புதுப்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடினால், சுற்றியுள்ள மண் காயும்போது பானையின் சுவர் வழியே கசியும், ஈரமாக இருந்தால் கசிவு குறையும். சீனாவின் ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூல் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லியிருக்கிறது. 1970-களில் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

கடைசியாக, ‘ஒரு வீட்டுத் தோட்டம் எவ்வளவு குடித்துவிடப் போகிறது’ என்ற அலட்சியம். 20 சதுர மீட்டர் தோட்டத்துக்குக் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் டியூப் பிடித்தால் நாளொன்றுக்கு 240 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள். 50 நாளில் 12,000 லிட்டர் லாரி ஒன்று காலி. அதே தோட்டம் முழுக்க இலை மூடியிருந்தாலும், நாலு நாளுக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 22 லிட்டர் என்று ஆழமாக ஊற்றினால் நாள் சராசரி 110 லிட்டர்தான். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் உட்பட நகரின் நாலு ஏரிகளும் வற்றி, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியது. நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள், பாளம் பாளமாக வெடித்த அதன் தரையை அந்த ஆண்டு கண்ணால் பார்த்தவர்கள்.

ஆனி பிறந்து, மாலைகளில் மேற்கே கறுத்து இடி இடிக்கத் தொடங்கியதும் எல்லோரும் ஒரே நாளில் டியூப்பைச் சுருட்டி வைத்துவிடுவதும் ஒரு பிழை. ஆரவாரமாகப் பெய்து கால்வாயெல்லாம் ஓடிய மழை அளந்து பார்த்தால் சில நாள் 10 மில்லிமீட்டர்தான் இருக்கும். பாதி காய்ந்த மண்ணில் அது 13 சென்டிமீட்டர் இறங்கும், இரண்டு நாள் செலவுக்குக்கூடக் காணாது. அடர்ந்த மாமரத்தின் கீழே அதிலும் ஒரு பங்கு இலையிலேயே தங்கிவிடும். சன்ஷேடுக்கு அடியில் வரிசையாக வைத்த தொட்டிகளுக்கோ சாரல் மட்டும்தான் பட்டிருக்கும். தெருவெல்லாம் நனைந்த மறுநாள் காலையில் அவை மட்டும் உலர்ந்து நிற்கும். விரல் விட்டுப் பார்க்க வேண்டியது முதலில் அவற்றைத்தான்.